சோளம்மாவின் கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது

கேள்வி

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 47. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் தோப்பு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டுப் பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. ரேஷன் கார்டு மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில், எங்கள் பக்கம் அப்படித்தான். நூற்றுச்சொச்சம் தென்னை, நாலு கறவை மாடு. கணவர் தேங்காய் லோடு அடிக்கிறார். ஒரே மகன், பெங்களூரில் வேலை.

ஒரு குதிரை செத்துப்போனதற்காக ஏழு மாதமாக அழுதுகொண்டிருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் மாமனார் போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே நாத்தனார் குத்துகிறாள்.

2015 ஆனி மாதம் அவள் வந்தாள். வந்தாள் என்றால், எங்கள் வேலி ஓரத்தில் நின்றாள். ராத்திரியோடு யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். பின்னங்கால் ஒன்று வீங்கி, குளம்பெல்லாம் வளர்ந்து பழைய செருப்பு மாதிரி முன்னால் வளைந்திருந்தது. கடிவாளம் அறுத்து இரண்டு கடைவாயிலும் புண். புகார் கொடுக்கலாம் என்று கேட்டால் இங்கே இருப்பவர்கள் ‘அது தமிழ்நாட்டுக் குதிரை’ என்றார்கள், அங்கே இருப்பவர்கள் ‘நிற்பது கேரளாவில்’ என்றார்கள். குதிரை பாவம், எல்லைக்கோடு தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

மாமனாரின் அப்பா பொள்ளாச்சியில் ஜட்கா வைத்திருந்தவர். அதனால் இவருக்குச் சின்ன வயதிலேயே குதிரை பழக்கம். முட்டிவலி என்று கட்டிலை விட்டு இறங்காதவர், அன்றைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு வேலி வரைக்கும் நடந்தே போனார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, “பதினாலு வயசு இருக்கும் அம்மிணி. ரேக்ளாவுல ஓடி, கால் போனதும் கல்யாண ஊர்வலத்துக்கு வித்திருக்கானுங்க. அந்தியூர் ஆடிச் சந்தையில எத்தனை கை மாறுச்சோ” என்றார். நான் ஓடிப்போய் ஒரு படி கொள்ளு கொண்டுவந்தேன். தட்டிவிட்டார். “பட்டினி கெடந்த வயித்துல கொள்ளைக் கொட்டுனா கொன்னுபோடும்.” பத்து நாள் காய்ந்த புல்லும், கைப்பிடி கைப்பிடியாகக் குதிரை மசாலும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். அலாரம் வைத்து எழுந்தவள் நான்.

காய்ந்த சோளத்தட்டு நிறம் என்று மகன் ‘சோளம்’ என்று பேர் வைத்தான். போகப்போக அது சோளம்மா ஆகிவிட்டது.

மாமனார் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் எழுப்புவார், இரண்டு தடவை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. அதைக் கேட்டால் தோப்பின் எந்த மூலையில் இருந்தாலும் வந்துவிடுவாள். எனக்கும் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு காலை 5 மணிக்கு நான்தான் அப்படிக் கூப்பிடுவேன்.

அவளால் என்னென்னவோ நடந்தது. அவளுக்காக ரோட்டோரம் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் இன்றைக்கு வழியில் போகிற மாடு, ஆடு எல்லாம் குடிக்கின்றன. கழுதை ஒன்று உட்பட நாலு உருப்படிகள் எங்கள் கொட்டகையில் தங்கித் தேறி, நல்ல கைகளுக்குப் போயிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண் தினமும் சோளம்மாவுக்குக் குளம்பு சுத்தம் செய்ய வருவாள். இப்போது மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ரேக்ளா ஓட்டுகிற பையன்கள் குதிரைக்குக் கால் சுளுக்கினால் விற்பதற்கு முன் எனக்கு போன் செய்வார்கள். அவ்வளவு தூரம் வந்ததே பெரிசு.

போன ஐப்பசி. இரவு 8 மணிக்கு அவள் முன்னங்காலால் தரையைச் சுரண்டினாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். அப்புறம் படுத்தாள், புரண்டாள். மகனுக்கு போன் செய்தேன். நண்பனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். 10 மணிக்கு இரவு டியூட்டி டாக்டரம்மா வந்தார். உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்தார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார், வலிக்கு ஊசி போட்டார். “வலி திரும்பி வந்தால் குடல் முறுக்கியிருக்கலாம் என்று அர்த்தம்” என்றார். வலி அடங்கியது. எழுந்து நின்றாள், என் தோளில் மூஞ்சியை வைத்தாள். பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

12.30க்கு வலி திரும்பியது. டாக்டரம்மா மறுபடி வந்தார். ஆபரேஷன் செய்கிற இடம் வரைக்கும் வண்டியில் தாங்க மாட்டாள், இந்த வயதில் ஆபரேஷனையும் தாங்க மாட்டாள் என்றார். “சேச்சி, இனி அவளெ விட்டேக்கூ” என்றார். நான், மகன் வந்து பார்க்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மயக்கம் மாதிரி வருகிற ஊசியை அவளுக்கு இரண்டு தடவை போட்டு என்னோடே உட்கார்ந்திருந்தார். மகன் வந்தது 4.45க்கு. அவன் சத்தம் கொடுத்தான். அவள் காது மட்டும் திரும்பியது. 5.10க்குக் கடைசி ஊசி.

என் மகன் பார்க்க வேண்டும் என்பதற்காக ஏழு மணி நேரம் அவளை வதைத்துவிட்டேன், மேடம். தினமும் 5 மணிக்கு விழிப்பு வருகிறது. ஜேசிபி வைத்துத் தோண்டித் தோப்பிலேயே புதைத்தோம். துலாமழையில் அந்த மண் ஒரு முழம் உள்ளே இறங்கிவிட்டது. கணவர் அங்கே தென்னங்கன்று வைக்கலாம் என்றார், நான் கத்திவிட்டேன். தை மாதம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போய் மாடுகளுக்காக உருவாரம், அதாவது நேர்ந்துகொண்ட மண்பொம்மை, வைத்தபோது ஒரு மண்குதிரையும் வாங்கினேன். உருவாரம் உயிரோடு இருக்கிறதுக்குத்தானே வைப்பது? வைக்காமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்துவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. மகன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊருக்கு வந்தால் வண்டியை முன்வாசலில்தான் நிறுத்துகிறான். பின்வாசலில் நிறுத்தினால் கொட்டகையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

போன வாரம் ஒரு ரேக்ளாப் பையன் வந்தான். கோவிந்தாபுரம் பக்கத்தில் ஆறு வயது ஆண் குதிரை, காலில் ஆறாத புண், சொந்தக்காரன் துரத்திவிடப் பார்க்கிறான். “அக்கா, சோளம்மா கொட்டகை காலியாத்தானே இருக்கு?” என்றான். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அவள் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தக் குதிரையை எடுக்க வேண்டும், இல்லையா? கொட்டகைக்குள் கால் வைக்கவே என்னால் முடியவில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது?

— கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குதிரையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் நான். கல்யாண ஊர்வலத்தில் பக்கத்தில் வந்தால் ஒதுங்கி நிற்கிற ரகம். அதனால் பதில் எழுதுவதற்கு முன், உங்கள் பெயரும் ஊரும் சொல்லாமல், அந்த இரவை மட்டும் கால்நடை மருத்துவரான என் தோழியிடம் விவரித்தேன். அவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் முள் அந்த இரவில்தான் இருக்கிறது.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம். இரைப்பையின் வாய் ஒருவழிக் கதவு மாதிரி. உள்ளே காற்று சேர்ந்தாலும் குடல் முறுக்கினாலும் மேல்வழியாக வெளியேற வழியில்லை. ஆனால் குதிரைக்கு வருகிற வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை மருந்திலேயே சரியாகிவிடுகின்றனவாம். எது சரியாகும், எது ஆகாது என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் கவனிப்பவற்றில் முக்கியமானது, முதல் ஊசிக்கு அடங்கிய வலி திரும்பி வருகிறதா என்பது. உங்கள் டாக்டரம்மா 10 மணிக்குச் சொன்னதும் அதைத்தானே?

அப்படியானால் கணக்கைக் கொஞ்சம் திருத்துவோம். 10 மணியிலிருந்து 12.30 வரை நீங்கள் காத்திருந்தது சிகிச்சை. அந்த நேரத்தில் ஊசி போட்டு அனுப்பியிருந்தால், ‘எழுந்து நின்றவளைக் கொன்றுவிட்டேனே’ என்று இதே கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பீர்கள். ‘ஏழு மணி நேரம்’ என்பதில் இந்த இரண்டரை மணி நேரம் சேராது.

மீதி நேரம் இருக்கிறது. டாக்டரம்மா ‘விட்டேக்கூ’ என்று சொன்னதிலிருந்து 5.10 வரை. அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அவளுக்கு வலித்திருக்கும். மகன் வருவதற்காக நீங்கள் நேரத்தை நீட்டினீர்கள், அது உண்மை. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, மறந்துவிடுங்கள்’ என்று நான் எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்திலும் ஒரு மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, மயக்க மருந்தை இரண்டு முறை கொடுத்து, வலியை மழுங்கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வதைப்பதாக நினைத்திருந்தால் உங்களை வற்புறுத்தியிருக்க மாட்டாரா? இதை நான் ஊகிக்க வேண்டியதில்லை, நீங்களே அவரைக் கேட்கலாம். ஒரு மத்தியானம் நேரில் போய், அந்த இரவை மணி வாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். குற்ற உணர்ச்சி பெரும்பாலும் நம் நினைவை மட்டுமே சாட்சியாக அழைத்துப் பேசவைக்கிறது. அங்கே இன்னொரு சாட்சியும் இருந்தார்.

இன்னும் ஒருவர் 4.45க்கு வந்தாரே, உங்கள் மகன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த பையன். அவனுடைய பக்கத்திலிருந்து பாருங்கள். ‘நான் சீக்கிரம் வந்திருந்தால் அவளுக்கு முன்னாலேயே விடுதலை கிடைத்திருக்கும், எனக்காகத்தானே அம்மா காத்திருந்தாள்’ என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால்? முன்வாசலில் நிற்கிற வண்டி எனக்கு அப்படித்தான் படுகிறது. தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே இரவை அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பாதியாகச் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் மறைக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள்தான், அம்மா என்பதால். ‘உன்னைப் பார்க்க வைக்கணும்னு நான்தான் நேரத்தை இழுத்தேன், அது என்னை உறுத்துது’ என்று ஒரு வரி போதும். அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். உடனே சமாதானம் சொல்லக் கிளம்பாதீர்கள்.

அடுத்தது மாமனார். அவருக்காக இவ்வளவு அழவில்லை என்று உங்களுக்கு உறுத்தல், நாத்தனாருக்குக் கோபம். நாத்தனாரின் கோபத்தை முழுசாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் பறிகொடுத்தது அப்பாவை. ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கட்டிலை விட்டு இறங்காத மனிதரை வேலி வரைக்கும் நடக்க வைத்தது அவள். அவர் நாக்கில் எழுப்பிய சத்தத்தை அவர் போன பிறகு மூன்று வருடம், தினமும் காலை 5 மணிக்கு, நீங்கள் எழுப்பியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்க ஒரு ஜீவன் இருந்தது. போன ஐப்பசியோடு அதுவும் நின்றது. இந்த ஏழு மாத அழுகையில் எவ்வளவு அவளுக்கு, எவ்வளவு அவருக்கு என்று பிரிக்க உங்களாலேயே முடியுமா?

துக்கம் உறவுமுறைப்படி வருவதில்லை. மாமனாருக்கு இவ்வளவு, சித்தப்பாவுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொண்டு வராது. யாருக்காக அலாரம் வைத்தோமோ, யாருடைய மூச்சு தோளில் பட்டதோ, அந்த வழியில் வரும். உங்களுக்கு 5 மணிக்கு விழிப்பு வருகிறதே, அது வருடக்கணக்கான பழக்கம். உடம்பு இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே வேலை இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989ல் இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘அங்கீகாரம் கிடைக்காத துக்கம்’ என்று சொல்லலாம். மனிதர் செத்தால் பந்தல் உண்டு, கேதம் கேட்க ஆள் வரும், பதினாறாம் நாள் என்று ஒரு முடிவும் உண்டு. குதிரைக்கு யார் வருவார்கள்? அழுகைக்கு ஊரில் இடம் இல்லாததால் அது ஏழு மாதமாக வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

அதனால் அலமாரியில் இருக்கிற மண்குதிரையைப் பற்றி நீங்கள் கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். உயிரோடு இருப்பதற்குத்தான் உருவாரம் என்பது உங்கள் ஊர் வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. அதை எடுத்து அடுக்களையிலோ திண்ணையிலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வையுங்கள். யாராவது ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். கேட்டால் அவள் வந்த கதையைச் சொல்லுங்கள், செத்த இரவை அல்ல. உங்கள் கடிதத்தில் செருப்பு மாதிரி வளைந்த குளம்பையும் தட்டிவிட்ட கொள்ளுப் படியையும் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள்! ஒன்பது வருடத்தை ஒரே இரவு விழுங்கிவிட்டிருக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீட்க முடியும். தென்னங்கன்று விஷயத்தில் கணவரிடம் ‘இப்போது வேண்டாம், அடுத்த மழைக்குப் பார்ப்போம்’ என்று சொன்னால் போதும். குழியில் இறங்கிய மண்ணை மட்டும், முடிந்தால் உங்கள் கையாலேயே, நிரப்பிவிடுங்கள்.

சரி, அந்த ஆறு வயதுக் குதிரை. எடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போது, இந்தக் காரணத்துக்காக எடுக்காதீர்கள். கடனை அடைக்கிற மாதிரி ஒரு ஜீவனை வாங்கிக்கொண்டால், அது ஒவ்வொரு நாளும் சோளம்மாவாக இல்லாததற்காக உங்களிடம் தண்டனை அனுபவிக்கும். அது சாதுவாக நின்றாலும் கோபம் வரும், துள்ளினாலும் கோபம் வரும். அதோடு, அவள் பேர் ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ரோட்டோரத் தொட்டியில், மண்ணுத்தியில் படிக்கிற பெண்ணிடம், விற்பதற்கு முன் போன் செய்கிற பையன்களிடம். அவற்றுக்குக் கொட்டகை தேவைப்படவில்லை. நீங்கள் ஒரு வருடம் கொட்டகையைப் பூட்டி வைத்தாலும் தொட்டியில் மாடு தண்ணீர் குடிக்கும்.

அந்தப் பையனுக்கு பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டீர்கள், அதை மட்டும் சரிசெய்துவிடுங்கள். அவன் கொடுமைக்காரன் இல்லை. ‘காலியாத்தானே இருக்கு’ என்பது அவனுக்கு வெறும் இடக்கணக்கு. போன் செய்து, “கொட்டகை இப்போ தர முடியாதுப்பா. குதிரைய உன்னோட இடத்துலயே கட்டு, நான் சொல்லித் தர்றேன்” என்று சொல்லுங்கள். ஆறாத புண் என்கிறான். ஏற்பு ஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசி போட்டாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். குதிரைக்கு அது மற்ற ஜீவன்களைவிடச் சீக்கிரம் வரும் என்று தோழி இரண்டு முறை சொன்னார். பட்டினி கிடந்ததா, கொள்ளு வைக்கிறானா என்றும் கேளுங்கள். அந்தப் பத்து நாள் கணக்கை உங்களுக்கு மாமனார் சொன்ன மாதிரி அவனுக்கு நீங்கள் சொல்லலாம், வீட்டை விட்டு இறங்காமலேயே. அப்புறம் ஒரு நாள் போய்ப் பார்க்கத் தோன்றினால் போங்கள். தோன்றாவிட்டால் அதுவும் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சாப்பாடு இறங்கவில்லை, இரவு முழுக்கத் தூக்கமே இல்லை, மாட்டைக் கவனிக்கவும் முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஆனால் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரள அரசின் ‘திசா’ உதவி எண் 1056ம் இருக்கிறது. ‘குதிரைக்காகவா?’ என்று யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கொட்டகைக்குள் போவதற்கு அவசரம் இல்லை. மகன் அடுத்த முறை வரும்போது, கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள், வண்டியைப் பின்வாசலில் நிறுத்தச் சொல்லி.